வெள்ளைக்காரருக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவர்

சுனாமிக்குப் பிறகு மட்டக்களப்புக்கு வந்திறங்கிய வெள்ளைக்காரர்கள் ஒழுங்காக ஆங்கிலம் கற்றதே டிபரன்ஸ் ஐயாவிடம்தான். ஒரு நிவாரண அலுவலகத்தில் அவர் மொழிபெயர்ப்பாளர், நான் வாகனச் சாரதி. எந்தச் சொல் வந்தாலும் அதன் அண்ணன் தம்பிகளையும் இழுத்து வந்து, வித்தியாசம் பார்த்துவிட்டுத்தான் மொழிபெயர்ப்பார்; அந்தப் பட்டப்பெயர் அதனால் வந்தது. 'லுக்', 'சீ', 'வோட்ச்' மூன்றும் ஒன்றல்ல என்று அவர் விளக்கி முடிப்பதற்குள், நாங்கள் பார்க்க வந்த சாப்பாட்டு விநியோகமே முடிந்து பானை கழுவிக்கொண்டிருப்பார்கள்.

லண்டனில் பிறந்த அதிகாரி அம்மா பொறுத்துப் பார்த்தா. இன்னொரு முறை இழுத்தடித்தால் வேலை போய்விடும் என்று எச்சரித்தும் விட்டா. ஐயா அசையவில்லை.

"அவசரத்துல பிழையாச் சொன்னா, அது சனத்தின்ட தலையிலதான் விடியும் தம்பி" என்றார் என்னிடம்.

பிறகு வாவிக்கரை ஊரான அமிர்தகழிக்குப் போனோம். புருஷனையும் தோணியையும் கடலுக்குக் கொடுத்த ஒரு பெண் அங்கே இருந்தாள். எங்கள் அலுவலகம் ஆண்களுக்குத் தோணியும் பெண்களுக்குத் தையல் மெஷினும் கொடுத்துவந்தது. அவளோ தோணிதான் வேண்டும் என்று நின்றாள். இவளால் தோணி விட முடியுமா என்று கேட்கச் சொன்னா அதிகாரி.

ஐயா அவளிடம் கேட்கவில்லை. அதிகாரி பக்கம் திரும்பி, 'கேன்' என்றால் இயலுமை, 'மே' என்றால் அனுமதி, நீங்கள் கேட்பது ஒன்று, மறுப்பது மற்றது என்று தொடங்கினார். இன்றோடு இவர் வேலை போச்சு என்று நினைத்தேன்.

"இவர் எப்ப தம்பி முடிப்பார்?" என்றாள் அந்தப் பெண்.

எனக்கென்ன தெரியும்? அவள் சேலையை இழுத்துச் செருகினாள். பக்கத்து வீட்டுத் தோணியை வாவியில் தள்ளி ஏறி, கம்பை ஊன்றினாள். கொக்குகள் கலைந்து பறந்தன. நடு வாவி வரை போய்த் திரும்பினாள்.

ஐயா வசனத்தைப் பாதியில் விட்டார். அவள் என்ன சொல்கிறாள் என்று அதிகாரி கேட்க, வாய் திறக்காமல் வாவியைக் கையால் காட்டினார். அவளுக்குத் தோணி கிடைத்தது. ஐயாவின் வேலையும் தப்பியது.

யுத்தம் முடிந்ததும் வவுனியா அகதி முகாம்களுக்கு ஐயாவை அனுப்பினார்கள். அந்தக் கிழமை அவள் ஒரு பை இறாலோடு அலுவலகத்துக்கு வந்து அவரைத் தேடினாள். விஷயத்தைச் சொன்னேன். இறால் பையை என் கையில் தந்தாள்.

"நல்லது தம்பி. அங்க உள்ள சனம் சொல்லுறத வெட்டாமக் கொத்தாமச் சொல்ல ஒராள் வேணும்தானே."

அன்று எங்கள் வேலையெல்லாம் நேரத்துக்கு முடிந்துவிட்டது. எனக்குத்தான் அது கொஞ்சமும் பிடிக்கவில்லை.