சத்தம் போடாத வண்டியும் காது கொடுத்த காசிலிங்கமும்

சத்தத்தை வைத்தே சொல்லிவிடுகிறவர்கள் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். மிக்ஸி மாடியில் ஓடும். இவர் வாசலில் நின்றபடியே "புஷ் போயிடுச்சு" என்பார். பஸ் இன்னும் வளைவு திரும்பியிருக்காது. "கிளட்ச் பிளேட்டு, இன்னும் ஒரு வாரம்" என்பார். திறந்து பார்த்துச் சொல்வது இவருக்கு அவமானம். திறந்து பார்த்தால் யார்தான் சொல்ல மாட்டார்கள்?

மரக்காணம் உப்பளங்களில் இந்த இனத்துக்குத் தலைவர் பம்பு மெக்கானிக் காசிலிங்கம். படிப்பு மூன்றாம் வகுப்பு. அதுவும் வாத்தியார் மனம் நோகக்கூடாதே என்று போனது. உப்புத் தண்ணீர் இறைக்கும் டீசல் என்ஜினைக் காட்டினால் கிட்டே வரமாட்டார். பத்தடி தள்ளி நின்று, துண்டை இடத்தோளிலிருந்து வலத்தோளுக்கு மாற்றி, கண்ணை மூடி, வலது காதை மட்டும் என்ஜினுக்குக் கொடுத்து, சுற்றியிருக்கிறவர்கள் எல்லாம் வாயை மூடும்வரை காத்திருந்து, "நாசில்" என்று ஒரே வார்த்தை சொல்வார். அப்புறம்தான் ஸ்பானர். கழற்றும்போது கெட்டுப்போனது வால்வு என்று தெரிந்தால்? வால்வை மாற்றிவிட்டு, "நாசிலால கெட்ட வால்வு" என்பார். முப்பது வருஷம் இப்படி ஓடியது.

இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷம், ஆனி மாதம், ஒரு காலை. ஒன்பது பம்புகளுக்குச் சொந்தக்காரரான ராமதாஸ், காசிலிங்கத்தின் கொட்டகையில் டீ குடித்துக்கொண்டே ஒரு சேதி சொன்னார். வானூரில் ஒருவர் புதிதாகக் கடை போட்டிருக்கிறாராம். மீட்டர் வைத்துப் பார்க்கிறாராம். பம்புகளை அவரிடம் விடலாமா என்று யோசனையாம். அந்த ஒன்பது பம்புகள் போனால் காசிலிங்கத்துக்குக் கொட்டகை எதற்கு?

அந்த நேரத்தில்தான் வாசலில் ஒரு சின்னக் கார் நின்றது. உப்பு வியாபாரி லியாகத் அலி, குயிலாப்பாளையத்து வெள்ளைக்காரர் ஒருவரிடம் வாங்கிய பேட்டரி கார். கொட்டகை வாசலுக்கு நேரே ஆடு குறுக்கே வந்ததென்று பிரேக் போட்டாராம். ஆடு போய்விட்டது. கார் போகவில்லை.

"காசியண்ணே, பிரேக்க மிதிச்சேன், நின்னுச்சு. அப்புறம் நகர மாட்டேங்குது."

"பேசாதீங்க பாய்." துண்டு தோள் மாறியது. கண் மூடியது. "ஸ்டார்ட் பண்ணுங்க."

"பண்ணிட்டேன்."

"எப்போ?"

"இப்பத்தான். இது ஆன்லதான் இருக்குது. சத்தம் வராதுண்ணே, இது அப்படித்தான்."

காசிலிங்கம் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். முப்பது வருஷத்தில் எத்தனையோ என்ஜின்கள் அவரிடம் முனகியிருக்கின்றன, இருமியிருக்கின்றன, கத்தியிருக்கின்றன. ஒன்றுகூட இப்படி மரியாதையில்லாமல் வாயை மூடிக்கொண்டு நின்றதில்லை. பத்தடி ஐந்தடியானது, ஐந்தடி இரண்டடியானது. கடைசியில் பானெட்டின்மேல் காதையே வைத்துவிட்டார். ராமதாஸ் டீ உறிஞ்சுவது மட்டும் தெளிவாகக் கேட்டது.

"ஏம்பா காசி, மூச்சு உடுதா?"

"சும்மா இருங்க மொதலாளி."

"வானூர் ஆளுக்கு ஒரு போன் போடட்டுமா?"

இதற்கு மேல் தாமதித்தால் பெயர் போய்விடும். "மோட்டார் ஜாம் ஆயிடுச்சு," என்றார் காசிலிங்கம். "எறக்கித்தான் பாக்கணும்."

காரிலிருந்து இறங்கிப் பின்பக்கம் நின்றிருந்த லியாகத் அலியின் மனைவி ஜெயினம்பு, "அப்ப இந்தச் சிவப்பு லைட்டு ஏங்க எரியுது?" என்றார்.

"அது பிரேக் லைட்டும்மா," என்றார் காசிலிங்கம்.

"இவருதான் எறங்கிட்டாரே. உள்ள யாரு மிதிக்கிறா?"

அப்போது விழுந்தது ஒரு மௌனம். அந்தக் காராலும் அப்படி ஒரு மௌனம் முடியாது.

லியாகத் அலி தலையைச் சொறிந்தார். "பிரேக் மிதிச்சிருந்தா மோட்டாருக்குக் கரண்ட் போகாதுன்னு வித்தவரு சொன்னாரு. மறந்துட்டேன்."

காசிலிங்கம் குந்தினார், குனிந்தார், பார்த்தார். பெடல் பாதி வழியிலேயே நின்றுகொண்டிருந்தது. அதற்கு நேர் மேலே கொக்கியில் ஒரு துணிப்பை. புதுச்சேரிக் கடைகளுக்குக் காட்டுவதற்கான சாம்பிள் உப்பு. கடற்காற்றின் ஈரத்தில் உப்பு கசிந்து, பெடல் ஆடுகிற இரும்புப் பின்மேல் சொட்டுச் சொட்டாக இறங்கி, அந்தப் பின் துருவேறிப் பிடித்துக்கொண்டிருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

"பாய், ஊரு பூரா உப்பு. வண்டிக்குள்ளயும் உப்பு மழை பெய்ய வச்சிருக்கீங்களே."

பையைக் கழற்றி வெளியே வைத்தார். பின்னை உருவி, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, துருவைத் தேய்த்தெடுத்து, நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, கிரீஸ் தடவி மாட்டினார். நீண்டுபோயிருந்த ஸ்பிரிங்கை மாற்றினார். நாற்பது தடவை பெடலை அழுத்தி அழுத்தி விட்டுப் பார்த்தார். நாற்பது தடவையும் விட்ட உடனே 'டப்' என்று மேலே வந்து நின்றது. சிவப்பு விளக்கு அணைந்தது. லியாகத் அலி உப்பளத்து முனை வரைக்கும் ஓட்டிப்போய், இரண்டு இடத்தில் பிரேக் போட்டு, சிரித்துக்கொண்டு திரும்பினார். அந்த முக்கால் மணி நேர வேலையில் ஒருவரும் குறை சொல்ல முடியாது. அதைப் பற்றித்தான் காசிலிங்கம் ஒரு நாளும் பெருமை பேசியதில்லை.

"ஆக, அந்தம்மா சொல்லித்தான் உனக்குத் தெரிஞ்சுது," என்றார் ராமதாஸ்.

காசிலிங்கம் கையை நிதானமாகத் துடைத்தார். "லைட்டு எரியுதுன்னு அவங்க சொன்னாங்க. பெடல் மேல வரலேன்னு எனக்கு அப்பவே கேட்டுச்சு."

"சத்தமே இல்லியேப்பா."

"மேல வந்தா டப்புன்னு ஒரு சத்தம் வரணும் மொதலாளி. வரல. அதத்தான் கேட்டேன்."

ராமதாஸ் இதை யோசித்தார். காலி கிளாஸைக் கீழே வைத்தார். "நாலாவது பம்பு காலையிலேர்ந்து ஒரு மாதிரியா இருக்குது. வந்து கேளு."

"கேட்டு முடிச்சிட்டு ஒருவாட்டி பாத்துடுங்கண்ணே," என்றார் ஜெயினம்பு, காரில் ஏறிக்கொண்டே.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் ஒன்று: இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே உங்கள் சமையலறையில் ஏதோ உருண்டு விழுந்தது. தலையைத் தூக்காமலே "பூனை" என்று சொன்னீர்கள். எழுந்துபோய்ப் பார்த்தீர்களா?