சீல் வைத்த வட்டிலப்பம்

வேறு வேலை கிடைக்காமல் லொறி ஓட்ட வந்தவன் அல்ல நான். உயர்தரத்தில் மூன்று பாடமும் சித்தியடைந்து, கம்ப்யூட்டர் டிப்ளோமாவும் முடித்து, ஆசைப்பட்டு வந்தவன். (எங்கள் வீட்டில் இன்றுவரை ஒருவரும் இதை நம்பவில்லை.) என்னுடையது மழை படாத மூடிய பெட்டி லொறி. குளிக்கிற சவர்க்காரம், பிஸ்கட், நூடில்ஸ் என்று நனையக் கூடாத சாமான்களைச் சிலாபத்துக் களஞ்சியத்தில் ஏற்றி, புத்தளம் தாண்டி அனுராதபுரத்தில் இறக்குவேன். ஏற்றி முடிந்ததும் கதவில் ஒரு பிளாஸ்டிக் சீல் போடுவார்கள். அதன் இலக்கம் கடதாசியில் இருக்கும். சாமானைப் பெறுகிறவர்தான் அதை வெட்டலாம். நடுவழியில் வெட்டினால் அன்றோடு வேலை போயிற்று.

அந்த வழியில்தான் மதுரங்குளிச் சந்தி. சந்தியால் உள்ளே திரும்பினால் கனமூலை. கனமூலையில் சப்னா.

சப்னாவைக் கம்ப்யூட்டர் வகுப்பில் கண்டேன். ஆறு மாதத்தில் அவள் என்னிடம் கேட்டது ஒரேயொரு கேள்வி. "இந்த மெஷின் வேலை செய்யுமா?" நான் "ஓம்" என்றேன். (செய்யவில்லை.) வகுப்பு முடிந்து இரண்டு வருடம், வாரத்தில் நான்கு தரம், அந்தச் சந்தி வந்ததும் வேகத்தை இருபதுக்குக் குறைத்து, திரும்பப் போகிறவன்போல் சிக்னலும் போட்டு, பிறகு நேரே போய்விடுவேன். பின்னால் வந்த பஸ்காரர்கள் என் பரம்பரையை இரண்டு மொழியில் விசாரித்திருக்கிறார்கள். பக்கத்து ஆசனத்தில் என் உதவியாளுக்குப் பதிலாக அவள் இருப்பதாக நினைத்து ஜன்னலைப் பாதிக்கு மூடிவிடுவேன். காற்று அதிகமாகப் படக்கூடாதல்லவா.

கடைசியில் உம்மாவிடம் சொன்னேன். ஆட்கள் போய்ப் பேசினார்கள். சப்னாவின் வாப்பா ஓய்வுபெற்ற போஸ்ட் மாஸ்டர். ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்.

"லொறிக்காரன் சொன்ன நேரத்துக்கு வந்ததை நான் கண்டதில்ல. வேலை நாள்ல லொறியோடயே வரட்டும். பதினொரு மணிக்கு. அதுக்குப் பொறகு கதைப்போம்."

அந்த நாள் வந்தது. உம்மா சுபஹுத் தொழுகைக்கே எழும்பி, கருப்பட்டி கரைத்து, முட்டையும் தேங்காய்ப்பாலும் அடித்து, முந்திரிக் கஜு தூவி, வட்டிலப்பம் அவித்து, பாத்திரத்தைத் துணியால் கட்டித் தந்தார். "வெறுங்கையோட போய் நின்னா எனக்குத்தான் வெக்கம். கவிழ்த்துக் கொட்டினா வீட்டுப் பக்கம் வராத."

முன்னால் வைத்தால் எஞ்சின் சூடு. ஆகவே சிலாபத்தில் சாமான் ஏற்றி முடிந்ததும், பின்பக்கம் சவர்க்காரப் பெட்டிகளுக்கு நடுவே ஆடாமல் அசையாமல் இறுக்கி வைத்தேன். என் அறிவை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையோடு, சப்னாவின் வாப்பாவை 'மாமா' என்பதா 'சேர்' என்பதா என்று யோசித்துக்கொண்டே, கதவைச் சாத்தினேன். சீல் போட்டார்கள். இலக்கத்தை வாசித்துச் சரிபார்த்துக் கையெழுத்து வைத்தவனும் நானே.

பத்து ஐம்பத்தெட்டுக்குக் கனமூலையில் நின்றேன். மாமா வாசலில் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ரெண்டு நிமிஷம் முந்தி" என்று சொன்னபோது அவர் முகத்தில் லேசான ஏமாற்றம்கூட இருந்தது. நான் வெற்றிச் சிரிப்போடு லொறியின் பின்பக்கம் போனேன். போனவன் அங்கேயே நின்றுவிட்டேன். மஞ்சள் சீல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"என்ன மகன், பொறத்தால போய் நிக்கிறீங்க?"

"மாமா... உம்மா வட்டிலப்பம் குடுத்தனுப்பின."

"எங்க?"

"உள்ள."

"எடுங்களேன்."

"எடுக்க ஏலா. சீல் போட்டாச்சி."

அதற்குள் அயல் வீட்டுப் பெண்களும் வேலியோரம் கூடிவிட்டார்கள். "இப்ப வட்டிலப்பத்துக்கும் சீல் போடுறாங்களா?" என்றார் ஒருவர். சப்னாவின் உம்மா கத்தியோடு வந்தார். "நூல் மாதிரித்தானே இரிக்கு, வெட்டிப் போடுங்க மகன்." ஜன்னல் திரைக்குப் பின்னால் ஒரு சிரிப்பு. பிறகு அந்தக் குரல், என் வாழ்க்கையில் அவள் கேட்ட இரண்டாவது கேள்வி:

"கஜு போட்டதா?"

"ஓம்" என்றேன். இந்த முறை உண்மை.

அந்தக் கத்தியை நான் தொடவே இல்லை என்றுதான் உறவினர்களிடம் சொல்லி வருகிறேன். பொய். வாங்கினேன். வெட்டினால் வேலை இல்லை. வெட்டாவிட்டால் வெறுங்கையோடு வந்த புளுகன், சப்னா இல்லை. அவள் குரல் இன்னும் காதில் இருக்க, கத்தியைச் சீலில் வைத்தேன்.

"அதை வெட்டினா, திரும்ப இந்த வாசலுக்கு வரவேணாம்" என்றார் மாமா.

கத்தியை எடுத்துவிட்டேன். அவர் கிட்ட வந்து சீலை விரலால் தடவினார். "முப்பது வருஷம் தபால் பைக்கு அரக்கு உருக்கிச் சீல் வச்சேன். அங்கால கொண்டு போய் எப்படித் தொறக்கிறாங்கண்டு ஒரு நாளும் கண்டதில்ல." கொஞ்சம் யோசித்தார். "இதை எங்க தொறப்பாங்க?"

"அனுராதபுரத்தில."

"அப்ப நானும் வாறேன்."

அன்று என் உதவியாள் லீவு. தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு, இரண்டு வருடமாக நான் சப்னாவை இருத்தி வைத்திருந்த ஆசனத்தில் மாமா ஏறி இருந்தார். ஜன்னலை முழுதாகத் திறந்தார்.

இரண்டரை மணி நேரம். அவளுக்கு என்ன நிறம் பிடிக்கும், என்னைப் பற்றி ஏதும் சொன்னாளா, எதையும் கேட்க முடியவில்லை. டயருக்கு எவ்வளவு காற்று என்று அவர் கேட்டார். நொச்சியாகம தாண்டும்போது தானாகவே, "சப்னா சின்னதில பஸ்ல ஏறினாலே சத்தி எடுப்பா" என்றார். அதையும் பத்திரமாக மனதில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

களஞ்சிய வாசலில் மாமாவை உதவியாள் என்று பதிந்து, வெள்ளைச் சாரத்துக்கு மேல் செம்மஞ்சள் மேற்சட்டை மாட்டிவிட்டார்கள். அவரே கடதாசியை வாங்கி, சீல் இலக்கத்தை ஒவ்வொன்றாக உரத்து வாசித்தார். களஞ்சியப் பொறுப்பாளர் வெட்டினார். டக். மாமாவின் கண் கலங்கியதைக் கண்டேன். (சவர்க்கார நெடி என்று இன்றும் சாதிப்பார்.)

கதவு திறந்தது. வட்டிலப்பம் ஆடவில்லை, அசையவில்லை. ஆனால் பட்டியலில் இல்லாத சாமானை இறக்க முடியாது என்று பொறுப்பாளர் பிடிவாதம் பிடித்தார். கடைசியில் மாமா அழகான சிங்களத்தில் நாலு வரி எழுதிக் கையெழுத்திட்டு அதைப் பெற்றுக்கொண்டார். மூவரும் ஆளுக்கொரு கரண்டி எடுத்து வாயில் வைத்தோம். எலுமிச்சைச் சவர்க்காரம் தன் வாசனை முழுவதையும் அதற்குக் கொடுத்திருந்தது.

மாமா மெதுவாக விழுங்கினார். "உம்மாட கை நல்லம், மகன். கொஞ்சம் நுரைக்குது." பிறகு வீட்டுக்கு ஃபோன் எடுத்தார். "நிக்காஹ்வுக்கு நாள் பாருங்க."

கலியாணம் முடிந்து இரண்டாவது வருடம் இது. எங்கள் வழக்கப்படி நான் பெண் வீட்டில், கனமூலையில் இருக்கிறேன். அதாவது, லொறியில் இல்லாத நேரங்களில். என் பழைய உதவியாள் வெளிநாடு போய்விட, மாமா தன் பெயரையே நிரந்தரமாகப் பதிந்துகொண்டார். ஒரு சீல் வெட்டுவதைக்கூட அவர் தவறவிடுவதில்லை. விருந்தாளிகள் வந்தால் சப்னா சொல்வாள்: "லொறிக்காரரக் கலியாணம் முடிச்சது நான். அவரோட குடும்பம் நடத்துறது வாப்பா." வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன். அவள் மட்டும் கடைசியில் கொஞ்சம் சீக்கிரமாக நிறுத்திவிடுவாள்.

நேற்றும் மாமா என் பக்கத்தில்தான். புத்தளம் தாண்டும்போது அவள் அழைத்தாள். ஓட்டும்போது நான் ஃபோன் தொட மாமா விடமாட்டார். அவரே காதில் வைத்தார்.

"சாப்பிட்டீங்களாண்டு கேக்குறா."

"ஓம் எண்டு சொல்லுங்க."

சொன்னார். அவள் இன்னும் ஏதோ சொல்ல, கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஃபோனை மடியில் வைத்துவிட்டு ரோட்டைப் பார்த்தார்.

"வேற என்ன மாமா சொன்னா?"

"அது ஒங்களுக்கு மட்டுமாம். நடுவழியில சீல் வெட்ட ஏலா. வீட்டுக்குப் போய் அவட்டயே கேட்டுக்கங்க."

அனுராதபுரத்துக்கு இன்னும் எழுபது கிலோமீட்டர் இருந்தது. அதற்குப் பிறகுதான் திரும்பி வரவேண்டும்.