முகமூடி போட்டு ஊட்டிய கூழ்

ஏழு மாதக் குழந்தை வாயை இறுக்கி மூடிக்கொண்டால் அதைத் திறக்க உலகத்தில் சாவி கிடையாது. டிப்ளமோ படித்தவனுக்கும் கிடையாது. (எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். எதையும் படித்தே சாதிக்கலாம் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.)

அப்போது சுங்குவார்சத்திரத்தில் ஒற்றை அறை வீடு. எனக்கு நைட் ஷிஃப்ட். பிரசவ லீவு முடிந்து, மனைவி செல்வியை அவள் கம்பெனியில் திங்கட்கிழமை பகல் ஷிஃப்டுக்கு மறுபடி கூப்பிட்டிருந்தார்கள். பாப்பாவோ தாய்ப்பால் தவிர எதையும் தொடமாட்டாள்.

"அதுக்குள்ள அவ கூழு குடிச்சாகணும். இல்லன்னா என் வேலை போச்சு."

"நான் பாத்துக்கிடுதேன்" என்றேன்.

சனிக்கிழமை செல்வி கடைக்குப் போயிருந்தாள். குழந்தைக்கு ஊட்டும்போது சுத்தம் முக்கியம் என்று ஆஸ்பத்திரி நோட்டீஸில் படித்திருந்தேன். எனக்குத் தெரிந்தது கம்பெனிச் சுத்தம். சர்க்யூட் போர்டில் தூசி விழாமலிருக்க நாங்கள் போடும் தொப்பி, முகமூடி, கையுறை எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு (கீழே லுங்கி) கேழ்வரகுக் கூழோடு குனிந்தேன்.

பாப்பாவுக்குத் தெரிந்தவை தூங்காமல் சிவந்த இரண்டு கண்கள் மட்டும். அலறிய அலறலில் பயந்து, அதே கோலத்தில் அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினேன். ஹவுஸ் ஓனர் அம்மா துடைப்பத்தோடு மறித்தார்.

"டேய், புள்ளைய எங்கடா தூக்கினு போற?"

முதுகில் பலமாக விழுந்தது.

"அக்கா, நான்தாங்க்கா. கூழு ஊட்டுனேன்."

"நீயா? இந்த மூஞ்சப் பாத்தா எனக்கே எறங்காது. கொயந்த எப்டிப்பா துன்னும்?"

அதன்பிறகு முகமூடியைக் கழற்றியும் பயனில்லை. என்னையும் ஸ்பூனையும் சேர்த்துப் பார்த்தாலே அலறல். செல்வி ஊட்டினால் கூழ் வேண்டாம், பால்தான் வேண்டும். ஞாயிறு சாயங்காலம், தேய்த்து வைத்திருந்த யூனிஃபார்மைச் செல்வி மறுபடி பெட்டிக்குள் வைத்தாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவள் பார்த்துவிடக் கூடாதென்று, பாப்பாவின் எதிரில் உட்கார்ந்தபடியே சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். கூழ் ஸ்பூன் கையோடு பின்னால் நீட்டிக்கொண்டிருந்தது.

சப்பென்று ஒரு சத்தம். பாப்பா ஸ்பூனைக் கவ்வியிருந்தாள்.

"திரும்பாதீங்க" என்றாள் செல்வி. "அப்படியே ஊட்டுங்க."

திங்கட்கிழமை அவள் வேலைக்குப் போனாள். நான் சுவரைப் பார்த்தபடியே கிண்ணக் கூழ் முழுவதையும் ஊட்டி முடித்தேன்.

பாப்பா இப்போது வேலைக்குப் போகிற பெண். நான் பரிமாற வந்தால், யார் விருந்துக்கு வந்திருந்தாலும், தட்டை நீட்டுவதற்கு முன் சொல்வாள்: "அப்பா, திரும்பிக்கோங்க."

பழக்கதோஷத்தில் நானும் திரும்பிவிடுகிறேன். குழம்பில் பாதி தரைக்குத்தான்.