துரு அங்கிள் பாஸ் போட்ட வண்டி

பெங்களூரில் ஆளின் முகத்தைப் பார்க்காமல், அவன் வண்டியின் அடிவயிற்றைப் பார்த்து குணத்தைச் சொன்ன ஒரே மனிதர் எங்கள் துரு அங்கிள்தான். சட்டைப் பையில் மற்றவர்கள் பேனா வைப்பார்கள். அவர் ஒரு காந்தமும் ஒரு மஞ்சள் துணியும் வைத்திருப்பார்.

விவேக் நகரில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் மாடியில் குடியிருந்தார். மனைவி இறந்து வெகு காலம் ஆகிறது. ஒரே மகள் ஸ்டெல்லாவைத் தனியாளாக வளர்த்தவர். பீன்யாவில் வண்டிப் பாகங்களுக்கு முலாம் பூசும் கம்பெனி ஒன்றில் இன்ஸ்பெக்டர் வேலை. நாள் முழுக்க பாகங்களைப் புரட்டிப் பார்த்து 'பாஸ்', 'ரிஜெக்ட்' என்று சொல்லிச் சொல்லி, வீட்டிலும் அந்த இரண்டு வார்த்தைகளோடுதான் வாழ்ந்தார். உப்புமா பாஸ். வீட்டுக்காரர் அடித்த சுவர் பெயிண்ட் ரிஜெக்ட்.

அவரிடம் ஒரு கறுப்பு மோட்டார் சைக்கிள் இருந்தது. வானத்தில் மேகம் தெரிந்தால் அதை வெளியே எடுக்க மாட்டார். பெங்களூரில் மேகம் தெரியாத நாள் ஏது? ஆகவே அவர் பஸ்ஸில் போனார், வண்டி வீட்டில் ஓய்வெடுத்தது. பெருமழையில் ஷெட் ஒழுகினால் கீழே ஓடி வந்து குடையை விரிப்பார். குடை வண்டிக்கு. அவர் நனைந்தபடி பக்கத்தில் நிற்பார்.

நான் புது வண்டி வாங்கப் போனபோது துணைக்கு அழைத்துப் போனேன். அது என் புத்தி. ஷோரூமில் நுழைந்ததும் தரையில் செய்தித்தாளை விரித்து, மல்லாந்து படுத்து, டார்ச்சோடு வண்டிக்கு அடியில் போய்விட்டார். விற்பனைப் பையன் பதறிப்போய், "ஏனாயித்து சார்? என்ன ஆச்சு? தண்ணி கொண்டு வரட்டா?" என்று ஓடி வந்தான். ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்ததும் தன் பாடத்தை ஆரம்பித்தான்.

"சார், இதுல ப்ளூடூத் இருக்கு."

அடியிலிருந்து குரல் வந்தது. "ப்ளூடூத் துரு பிடிக்குமா?"

"அதெப்படி சார் பிடிக்கும்?"

"அப்ப அதைப் பத்தி சும்மா எதுக்குப் பேசணும்? பிடிக்கறதைப் பத்திப் பேசலாம். வெல்டிங் ஜாயின்ட்ல பெயிண்ட் இவ்ளோ மெலிசா இருக்கே, ஏன்?"

பையன் மேனேஜரைக் கூப்பிடப் போனான். மேனேஜர் வரவே இல்லை. நான் அந்த வண்டியைத்தான் வாங்கினேன், அங்கிள் இரண்டு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

பக்தியில் குறை கிடையாது. மாதா கோயிலில் ஞாயிறு பூசை தவறாது. ஆனால் புது வருஷத்தில் கோயில் வாசலில் வண்டிகளை வரிசையாக நிறுத்தி மந்திரிக்கும்போது மட்டும் அவருக்கும் ஃபாதருக்கும் சின்ன உரசல் வரும். தீர்த்தத்தில் உப்பு போட்டு மந்திரிப்பது வழக்கம். உப்பு என்ற சொல்லைக் கேட்டாலே அங்கிளுக்கு உடம்பு நடுங்கும். ஃபாதர் தெளித்துவிட்டு அடுத்த வண்டிக்குத் திரும்புவதற்குள் மஞ்சள் துணி வெளியே வந்துவிடும்.

"ஆசீர்வாதத்தைத் துடைக்கிறீங்களே, நல்லாவா இருக்கு?" என்று ஃபாதர் ஒருமுறை கேட்டே விட்டார்.

"ஆசீர்வாதம் உள்ள போயிடுச்சு ஃபாதர். மேல நிக்கறது உப்புத் தண்ணி மட்டும்தான்."

இப்படிப்பட்ட மனிதர் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தார். என்ன நடக்கும் என்று சொல்லவா வேண்டும்? மாப்பிள்ளை வீட்டார் மாடியில் வடை சாப்பிட்டுக்கொண்டிருக்க, இவர் கீழே குந்தி உட்கார்ந்து அவர்கள் வண்டியைத் தடவிக்கொண்டிருப்பார். ஒரு பேங்க் மாப்பிள்ளை, சைலென்சரின் அடியில் துரு என்பதற்காகப் போனார். இன்னொருவர் நல்ல பையன், ஸ்டெல்லாவுக்கும் ஓரளவு பிடித்திருந்தது. சைடு ஸ்டாண்டு ஸ்ப்ரிங்கைப் பார்த்துவிட்டு அங்கிள் உதட்டைப் பிதுக்கினார்.

"ஸ்ப்ரிங்கையே கவனிக்காதவன் பொண்டாட்டியை எப்படிக் கவனிப்பான்? ரிஜெக்ட்."

"அங்கிள், அது தரகரோட வண்டி. மாப்பிள்ளை பஸ்ல வந்தார்."

காந்தத்தைப் பையில் போட்டார். "சொந்த வண்டியே இல்லாதவனா? அதுவும் ரிஜெக்ட்தான்."

சிரித்தோம். ஸ்டெல்லா சிரிக்கவில்லை. வயது முப்பதைத் தாண்டிவிட்டது. ஒரு நாள் மாலை என்னிடம் வந்தாள்.

"அண்ணா, என்கூட எலெக்ட்ரானிக் சிட்டியில வேலை பார்க்கறவர், ஜெரால்டு. ஞாயித்துக்கிழமை அப்பாவைப் பார்க்க வர்றார். இவரையும் அப்பா வேணாம்னு சொன்னா நான் வேற யாரையும் கட்டிக்க மாட்டேன். நீங்கதான் அப்பாவை வண்டி கிட்ட போகாம பார்த்துக்கணும்."

"ஏம்மா, வண்டி எப்படி?"

"தூத்துக்குடி வண்டி அண்ணா. வீடு கடற்கரைக்குப் பக்கத்துல."

"ஆட்டோல வரச் சொல்லும்மா."

"சொன்னேன். எப்படியும் ஒரு நாள் பார்க்கத்தானே போறார், மறைக்க வேணாம்னு சொல்றார்."

ஞாயிற்றுக்கிழமை, அங்கிளை மாடியிலேயே நிறுத்திவைக்க நான் கிரிக்கெட் பேசினேன், அரசியல் பேசினேன். வண்டிச் சத்தம் கேட்டதும் நான் பாதி வாக்கியத்தில் இருக்கும்போதே கீழே இறங்கிவிட்டார். ஸ்டெல்லா பால்கனி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அந்த வண்டியில் துரு பிடிக்காத இடத்தைத் தேட வேண்டியிருந்தது. ஹேண்டில் பார் சொறி பிடித்தாற்போல் இருந்தது. காந்தத்தை வைத்து எடுத்தார், பொருக்கு பொருக்காக ஒட்டிக்கொண்டு வந்தது. ஸ்போக் ஒவ்வொன்றும் செம்மண் நிறம். ஜெரால்டு கைகட்டி நின்றான்.

"ஊர்ல உப்புக்காத்து அங்கிள்."

அங்கிள் மெல்லப் பின்பக்கம் வந்து குனிந்தார். அப்படியே உட்கார்ந்துவிட்டார். பின்னால் உட்காருபவர் கால் வைக்கும் ஃபுட்ரெஸ்டை மடக்கினார், நீட்டினார். சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தது. புது ரப்பர். போல்ட்டில் காந்தம் ஒட்டவில்லை, அசல் ஸ்டெயின்லெஸ். பிடித்துக்கொள்ளும் கம்பி எண்ணெய் போட்டுத் துடைத்துப் பளபளவென்று இருந்தது.

"இது மட்டும் ஏன் இப்படி?"

ஜெரால்டு தலையைக் குனிந்துகொண்டான். "அங்கதான் ஸ்டெல்லா உக்காருவா அங்கிள். மழையில கால் வழுக்கிடக் கூடாதுன்னு அதை மட்டும் முதல்ல மாத்தினேன்."

அங்கிள் பால்கனியை அண்ணாந்து பார்த்தார். "கம்பெனி பஸ்ல வர்றேன்னு சொன்னாளே!"

பால்கனியில் தலை மறைந்தது. அங்கிள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். வண்டியின் முன்பக்கத்தைக் காட்டி, "இதெல்லாம் ரிஜெக்ட்" என்றார். பின்பக்கத்தை இன்னொருமுறை பார்த்தார். "பின்னாடி பாஸ். ஸ்டெல்லா, காபி போடும்மா."

கல்யாணப் பத்திரிகையில் பெண்ணின் தகப்பனார் பெயரைப் பார்த்துவிட்டு, "யாருங்க இவர்?" என்று என் மனைவி கேட்டாள். துரு அங்கிளின் நிஜப் பெயர் எனக்கும் அப்போதுதான் தெரிந்தது.

கல்யாணம் முடிந்து இருவரும் தூத்துக்குடிக்கே போவது என்று முடிவானது. ஜெரால்டின் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. புறப்படுவதற்கு முன் அங்கிள் தன் கறுப்பு வண்டியைக் கோயில் வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். அவர்களுக்கே கொடுக்கப் போகிறாராம். எனக்குத் தாங்கவில்லை.

"அங்கிள், அந்தக் காத்துல ஒரு வருஷத்துல அரிச்சிடும்."

"தெரியும் தம்பி. பொண்ணையே அனுப்பறேன். வண்டி என்ன பெரிய வண்டி?"

ஃபாதர் வந்து தீர்த்தம் தெளித்தார். இந்தமுறை அவரே கொஞ்சம் ஒதுங்கி, துடைப்பதற்கு வழிவிட்டு நின்றார். டேங்க்கில் துளிகள் உருண்டு வெல்டிங் மூட்டுப் பக்கமாக இறங்கின. அங்கிள் துணியைக் கையில் எடுத்தார். பிறகு மடித்துப் பையிலேயே வைத்தார்.

"இருக்கட்டும். அவங்க கூடப் போகட்டும்."

அன்று மாலை நான் வீடு திரும்பியபோது, காலியான ஷெட்டில் அதே துணியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். என் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய், அவர் வண்டி நின்ற இடத்தில் நிறுத்தினேன். குனிந்து என் சைடு ஸ்டாண்டு ஸ்ப்ரிங்கைப் பார்த்தார்.

"ரிஜெக்ட்" என்று சொல்லிவிட்டுத் துடைக்க உட்கார்ந்தார்.

அன்றிலிருந்து என் வண்டியை நான் துடைப்பதே இல்லை.