லிண்டல் பாயும் நாலு கரும்பலகைகளும்

சிமெண்ட் கம்பெனிகள் இந்த உலகத்தில் யாருக்காவது பயந்திருக்க வேண்டுமென்றால் அது லிண்டல் பாய்க்குத்தான். பயந்ததாகத் தகவல் இல்லை.

லப்பைக்குடிக்காட்டுக்காரர். துபாயில் பல வருஷம் உழைத்துவிட்டு வந்து வீடு கட்ட ஆரம்பித்தார். சுவர் ஜன்னலின் மேல்மட்டம், அதாவது லிண்டல், வரை எழும்பியபோது சிமெண்ட் விலை ஏறியது. நாலு கம்பெனியும் ஒரே நாளில், ஒரே விலை. “ஒருத்தனாவது கொறைக்கட்டும், அப்பறம் தளம் போடுறேன்” என்று வேலையை நிறுத்திவிட்டார். மூன்று வருஷம் வீடு லிண்டலிலேயே நின்றது; அவருக்குப் பெயரும் அதுவே ஆனது. வாடகை வீட்டில் கிடந்த அவர் மனைவி நாலு கம்பெனிகளையும் தினமும் திட்டினார். பாயையும் சேர்த்துத்தான்.

ஆலை இருக்கும் ஊரில் மலிவாகக் கிடைக்குமென்று மாதம் ஒருமுறை பஸ் பிடித்து அரியலூர் வருவார். எங்கள் தெருவில் நாலு கடை, கடைக்கொரு கம்பெனி சிமெண்ட். நான் முதல் கடையில் குமாஸ்தா. நாலு கடையிலும் விலை கேட்டுவிட்டு என்னிடமே திரும்பி வருவார்.

“சிமெண்டுக்கு அரைக்கிற கல்லு உங்க ஊரு கல்லு. தூசியும் உங்க தலையிலதான் விழுவுது. வெலை மட்டும் எப்புடி தம்பி நாலு பேருக்கும் ஒண்ணா வருது?”

“தற்செயலா அமைஞ்சிடுதுங்க பாய்.”

“மாசாமாசமா?”

இதையெல்லாம் விசாரிக்க டெல்லியில் ஓர் ஆணையம் இருப்பதாக யாரோ சொல்ல, மனு போட்டார். கலந்து பேசித்தான் விலை வைக்கிறார்கள் என்பதற்கு ஆதாரம் வேண்டுமென்று பதில் வந்தது. அந்தக் கடிதத்தை லேமினேட் செய்து பையில் வைத்துக்கொண்டு, துபாய் கேமராவோடு அலைந்தார்.

ஆதாரத்தை நானே கொடுத்தேன். விலை ஏறும் நாளில் முதலாளிகள் நாலு பேரும் டீக்கடையில் கூடுவார்கள். என் கையெழுத்து அழகு என்பதால் நாலு கடைப் பலகையிலும் புது விலையை நான்தான் எழுதுவேன். அன்று நாலாவது பலகையில் கடைசி சைபரை என் வழக்கப்படி வால் இழுத்துப் போடும்போது முதுகுக்குப் பின்னால் ‘கிளிக்’.

“மாட்டுனியா! நாலு பலகையிலயும் ஒரே கை! சைபருக்கு வால் வேற!”

 படம் டெல்லி போனால் முதலாளிகள் தப்பித்துக்கொள்வார்கள், என் வேலைதான் போகும். வீட்டில் இரண்டு பெண் குழந்தைகள். வெட்கத்தை விட்டு அதையும் சொன்னேன். பாய் கேமராவைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார்.

அடுத்த மாதம் வந்தார். “தளத்துக்கு எத்தன மூட்டைன்னு கணக்குப் போடு தம்பி. நீ எழுதுன வெலைக்கே.”

“அந்தப் படம் பாய்?”

“ஃபிலிமை வெயில்ல உருவிப் போட்டுட்டேன். வூட்ல ஒரே சண்டை. பேரன் சுன்னத்துப் படமும் அதுலதான் இருந்துச்சாம்.” கிளம்பும்போது சொன்னார்: “வூட்டு வாசல்ல பேரு நீதான் வந்து எழுதணும். வால் வேணாம்.”

போய் எழுதினேன். வால் இல்லாமல்.

பாய் இப்போது இல்லை. என் பெண்கள் இருவரும் நல்லபடியாக இருக்கிறார்கள். இன்றும் விலை ஏறும் நாளில் பலகையில் எழுதிவிட்டு ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்க்கிறேன். அந்தக் ‘கிளிக்’ மறுபடி கேட்டால், சந்தோஷமாக மாட்டிக்கொள்வேன்.