மிஸ்டு வழிப் பங்காளி

ஆங்கிலச் சொற்களுக்குக் கூட்டம் பார்த்த ஒரே மனிதர் இந்தப் பூலோகத்தில் எங்கள் டைப்பிஸ்ட்தான். சேலத்தில் நான் குமாஸ்தாவாக இருந்த வக்கீல் ஆபீசில் அவர் பெயரை யாரும் சொன்னதில்லை. பங்காளி என்றால் போதும்.

திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரர். அங்கே புது மனிதரைப் பார்த்ததும் எந்தக் கூட்டம், அதாவது எந்தக் குலம் என்றுதான் முதலில் கேட்பார்கள். ஒரே கூட்டமென்றால் பங்காளி. பெண் எடுக்கக்கூடாது, சாவு விழுந்தால் தீட்டுக் காக்கவேண்டும். இந்த விசாரணையை அவர் டைப் மெஷினிலும் விடவில்லை. மனுவை அடித்துக்கொண்டே போய் ஏதாவது ஒரு சொல்லில் நின்றுவிடுவார். அதன் பூர்வீகம் தெரிந்தால்தான் அடுத்த வரி. வக்கீல் தலையிலடித்துக்கொள்வார்.

ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தை விற்றுவிட்டு அஸ்தம்பட்டியில் தனியாகக் குடியிருந்த கிழட்டுத் துரை ஒருவர் எங்கள் கட்சிக்காரர். ஒரு மார்கழிக் காலையில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி உள்ளே வந்து, "வெளியே ஒரே மிஸ்ட்" என்றார்.

"அது எந்தக் கூட்டமுங்க?" என்றார் பங்காளி.

துரைக்கும் வேறு வேலை இல்லை. வீட்டிலிருந்த தலையணை அகராதியைப் புரட்டிவிட்டு மறுநாளே வந்தார். மிஸ்ட் என்றால் தரையோடு படரும் மெல்லிய பனிமூட்டம். அதுவும் சமஸ்கிருதத்து மேகமும் ஆதியில் ஒரே மூலத்தில் பிறந்தவை என்றார். ஹேஸ் என்று இன்னொரு மூட்டம் உண்டாம்; அதற்குப் பூர்வீகமே தெரியவில்லையாம்.

"அது பாவமுங்க, அனாதை" என்று உச்சுக்கொட்டிய பங்காளி எழுந்து நின்றார். "ஆனா மேகம் நம்மூட்டுச் சொல்லுங்க. அப்ப நீங்களும் நாமும் பங்காளிங்க."

துரை விழுந்து விழுந்து சிரித்தார். இவர் சிரிக்கவில்லை. அந்த வருஷம் குலதெய்வத்துக்குக் கிடா வெட்டிப் பங்காளிகளுக்குக் கறி பிரித்தபோது, துரைக்கும் ஒரு பங்கு கேட்டு வம்புக்கு நின்றார்.

"வெள்ளக்காரன் எந்த வழியில பங்காளி?" என்று ஊர்ப் பங்காளிகள் கேட்டார்கள்.

"மிஸ்டு வழியிலங்க."

கொடுக்கவில்லை. தன் பங்கில் பாதியை இலையில் கட்டி, பஸ் ஏறிக் கொண்டுவந்து சமைத்தும் போட்டார். காரத்தில் கண்ணீர் வழிய, துரை ஒரு துண்டு மிச்சம் வைக்காமல் தின்றார்.

பிறகு துரை படுத்துவிட்டார். நாங்கள் பார்க்கப் போனபோது, "சாவுக்குப் பயமில்லை. குழிப் பக்கத்திலே என் சனம் என்று ஒரு ஆள் நிற்காது. அதுதான் பயம்" என்றார்.

"நாம இருக்கறமுங்களே" என்றார் பங்காளி, கால் பிடித்துவிட்டபடி.

அடுத்த மார்கழியில் துரை போய்ச் சேர்ந்தார். ஊரே வெள்ளைக்காரனை மூட்டை கட்டச் சொல்லிக்கொண்டிருந்த காலம். கல்லறைத் தோட்டத்தில் வக்கீல், நான், பாதிரியார், பெட்டி தூக்கிய கூலிக்காரர்கள். பங்காளியைக் காணோம். வாய்ச்சவடால் மனுஷன், பயந்துவிட்டார் என்று வக்கீல் முணுமுணுத்தார்.

பனிமூட்டத்துக்குள்ளிருந்து பங்காளி வந்தார். தலை மொட்டை, மீசை இல்லை, இடுப்பில் ஈரவேட்டி. இளைய பங்காளி செய்யவேண்டிய முறையை ஒன்றுவிடாமல் செய்திருந்தார்.

"என்னய்யா கோலம் இது? ஊர் சிரிக்கும்" என்றார் வக்கீல்.

"சிரிக்கட்டுமுங்க. செத்தது நம்ம சனமல்லங்களா?"

முதல் பிடி மண் போட உறவுக்காரர் உண்டா என்று பாதிரியார் கேட்டார். "இருக்கறனுங்க" என்று முன்னால் போய்க் குனிந்தவர் தேம்பித் தேம்பி அழுதார். அந்த மொட்டைத் தலையில் பனி முத்துமுத்தாக நின்றது. எனக்கு அவர்மேல் அப்படியொரு பிரியம் பொங்கியது. என் துண்டை எடுத்துத் துடைத்துவிட்டேன்.