டப்பாக்களும் எல்.கே.ஜி. இன்டர்வியூவும்

இன்டர்வியூவுக்குள் என் பெண்ணைப் படிக்க வைத்தே தீருவது என்று நான் சபதம் எடுத்தபோது ஹம்சினிக்கு வயது மூன்றரை. சபதத்துக்குக் காரணம் வீரம் இல்லை, பயம். நாங்கள் விண்ணப்பித்திருந்த அடையாறு பள்ளியின் தலைமை ஆசிரியை, பிள்ளைகளை விட்டுவிட்டு அப்பாக்களைத்தான் குடைவார் என்று பேச்சு. என் மேலதிகாரி அங்கே போய்விட்டு வந்து கைக்குட்டையைப் பிழிந்தார். எங்களை வியர்க்க வைக்கிறவருக்கே அந்தக் கதி என்றால், நான் ஆவியாகிவிட மாட்டேனா?

"அ, ஆ கூடத் தெரியாம அழைச்சுண்டு போனா சீட் குடுப்பாளா?" என்றேன் என் மனைவி காமாக்ஷியிடம்.

"குழந்தை என்ன கலெக்டர் பரீட்சையா எழுதப் போறது? சாயங்காலம் மடியில வெச்சுண்டு ஒரு கதை சொல்லுங்கோ, போறும்."

"எனக்கு ஒரு கதையும் தெரியாதே."

"ஆத்துக்கு லேட்டா வந்தா மட்டும் நன்னா வரும்."

நான் பசை காய்ச்சினேன். கதவு, பீரோ, நாற்காலி என்று எல்லாவற்றின் மேலும் அதனதன் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினேன். சமையலறை டப்பாக்களையும் விடவில்லை. கடைசியாக 'அம்மா' என்று ஒரு சீட்டு எழுதி, பசை தடவி, காமாக்ஷியை நெருங்கினேன். அவள் பார்த்த பார்வையில் அது என் சட்டைப் பையிலேயே ஒட்டிக்கொண்டது.

அன்றிலிருந்து மாலைதோறும் நான் அடிஸ்கேலால் சீட்டைத் தட்டுவேன். ஹம்சினி சொல்ல வேண்டும். முதலில் அவள் சொல்லவில்லை. என் செருப்புச் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். வாசலில் "அப்பா" என்று ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்வாளே, அது நின்றுபோயிற்று. சீட்டுகளைக் கிழித்துப் போட்டுவிடலாமா என்று பார்த்தேன். தலைமை ஆசிரியையை நினைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் பசை தடவினேன்.

பிறகு ஒரு நாள் அற்புதம் நடந்தது. நான் தட்டத் தட்ட, "கதவு. பீரோ. துவரம் பருப்பு. சர்க்கரை" என்று மடமடவென்று சொன்னாள். நான் எதிர்வீட்டு ஷகீலாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் மகன் அந்தப் பள்ளியில்தான் படிக்கிறான்.

"நல்லாச் சொல்லுதே சார்" என்ற ஷகீலா, உள்ளே போய்க் காமாக்ஷியிடம் என்னவோ குசுகுசுத்துவிட்டுப் போனார். பொறாமை என்று எடுத்துக்கொண்டேன்.

இன்டர்வியூ நாள் காலை. காமாக்ஷி காபியைக் கையில் கொடுத்து, "சர்க்கரை மட்டும் நீங்களே போட்டுக்கோங்கோ, எனக்குத் தலைக்கு மேல வேலை இருக்கு" என்றாள். சரி, கடைசி ஒத்திகை பார்க்கலாம் என்று ஹம்சினியை அழைத்துச் சர்க்கரை டப்பாவைத் தட்டினேன்.

"உப்பு" என்றாள்.

"நன்னாப் பாரு. சர்க்கரை."

"உப்புப்பா."

"எழுதியிருக்கே, தெரியலையா? ச... ர்... க்..."

சீட்டின் ஓரம் ஈரமாக இருந்தது. மயிலாப்பூர் புழுக்கம் என்று நினைத்தேன். ஸ்பூன் நிறைய அள்ளிப் போட்டுக் கலக்கி, தகப்பன் என்ற கம்பீரத்தோடு ஒரு வாய் உறிஞ்சினேன்.

வாஷ்பேசினிலிருந்து நான் நிமிர்ந்தபோது ஹம்சினி பொறுமையாக விளக்கினாள். "நசுங்கின டப்பால உப்பு. வழவழ டப்பால சர்க்கரை. அம்மா எடுத்துத் தரச் சொல்லுவாளே."

எனக்குக் கண் இருட்டியது. குழந்தைக்கு ஓர் எழுத்துகூடத் தெரியாது. டப்பாவைத்தான் படித்திருக்கிறாள். இன்டர்வியூவுக்கு இன்னும் ஒரு மணி நேரம்.

பள்ளியில் எங்கள் மூவரையும் உட்காரவைத்து, தலைமை ஆசிரியை மெலிதான குரலில் பேசினார். அது இன்னும் பயமாக இருந்தது. படப் புத்தகம் ஒன்றை ஹம்சினியிடம் கொடுத்தார். போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவள் பக்கத்தைப் புரட்டி, யானை குடையைத் தொலைத்துவிட்டு அழுவதாகக் கதை சொன்னாள். குடை கிடைக்கும் வரை விடவில்லை.

"வீட்டுல கதை சொல்றது யாரு?"

"அம்மா."

"அப்பா?"

"அப்பா பேப்பர் ஒட்டுவா."

தலைமை ஆசிரியை என் பக்கம் திரும்பினார். "சார், இவளுக்கு இப்ப ஒரு கதை சொல்லுங்களேன்."

நான் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தேன். காக்கா, நரி எல்லாம் மறந்துபோயிற்று. வாயில் உப்பு மட்டும் மிச்சமிருந்தது.

"ஒரு ஊர்ல ஒரு அப்பா இருந்தார்" என்றேன். "அவருக்கு எல்லாம் தெரியும்னு நெனப்பு. ஒரு நாள் காபிக்குச் சர்க்கரை போட டப்பாவைத் திறந்தார்."

ஹம்சினி நாற்காலியிலிருந்து இறங்கினாள். வந்து என் மடியில் ஏறிக்கொண்டாள். எத்தனை நாளாயிற்று.

"அப்புறம்?"

"அவர் பொண்ணு ஒண்ணு சொன்னா..."

"அது உப்புப்பான்னு சொன்னா" என்று முடித்துவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். தலைமை ஆசிரியையும் கைக்குட்டையை எடுத்தார், சிரிப்பை மறைக்க.

"எழுத்தை நாங்க பாத்துக்கறோம். நீங்க கதையை நிறுத்திடாதீங்க" என்று விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார்.

ஆட்டோ அடையாறு பாலத்தின் மேல் ஏறியபோது எனக்கு மூச்சு வந்தது. மூச்சோடு மிடுக்கும் வந்தது. "பாத்தியா காமாக்ஷி, அந்த நிமிஷத்துல எப்படி ஒரு கதை கட்டினேன்?"

அவள் தூங்கும் குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டாள்.

"அப்பாக்களைக் கதை சொல்லச் சொல்லுவான்னு ஷகீலா அன்னிக்கே சொல்லிட்டா. உங்களுக்குத்தான் ஒரு கதையும் தெரியாதே. அதான் காலம்பற சீட்டை மாத்தி ஒட்டினேன்."